கடற்கரைக்காரன் சைக்கிளில் கொடைக்கானல் ஏறினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், என்ன நடந்தது?

போன மாசியில் ஒரு சனி, ஞாயிறு லீவில் ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியிலிருந்து நாங்கள் நாலு பேர் கிளம்பிப் போய், வத்தலக்குண்டு பக்கமிருந்து கொடைக்கானலுக்குச் சைக்கிள் மிதித்தோம். நான், என் மச்சான், ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், அவருடைய தம்பி. மூன்று பேர் முழுக்க மிதித்தே ஏறினார்கள். நானும் ஏறினேன், ஆனால் நடுவே இரண்டு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஊர் திரும்பிய நாளிலிருந்து டீக்கடையில், கல்யாண வீட்டில், பள்ளிவாசல் தெருமுனையில் ஒரே கேள்விகள். வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

நம்ம பக்கம் ஒரு மேடுகூடக் கிடையாதே, எங்கே பழகினீர்கள்?

ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். பெயரில்தான் பர்வதம். தீவிலேயே உயரமான இடம் அதுதான், ஆனால் மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்குள் ராமர் பாதம் வந்துவிடும். பாம்பன் சாலைப் பாலம் அதைவிடப் பரவாயில்லை. 1988-இல் திறந்த பாலம், நீளம் சுமார் 2.3 கி.மீ., நடுவில் நன்றாக உயர்ந்து இறங்கும். விடியற்காலையில், செல்ஃபி எடுக்கிற கார்கள் வந்து நிற்பதற்கு முன், நாலைந்து தடவை போய் வந்தால் தொடைக்குக் கொஞ்சம் வேலை கிடைக்கும்.

ஆனால் எங்களுக்கு உண்மையான மலை காற்றுதான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் கீழக்கரை தாண்டி ஏர்வாடி, சாயல்குடி பக்கம் தென்மேற்கே ஓட்டிப் பாருங்கள். காற்று நேரே நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மார்கழி, தையில் வாடை திரும்பியதும் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி என்று வடக்கே திரும்பிவிடுவோம். அப்போது அது முகத்தில் அடிக்கும். எந்தப் பருவத்திலும் காற்றுக்கு எதிராகப் போக ஒரு சாலை நமக்கு இருக்கிறது. ஊர் வாசிகள் காற்று ஓய்ந்த நேரம் பார்த்துக் கிளம்புவார்கள், நாங்கள் காற்று ஏறுகிற நேரம் பார்த்துக் கிளம்பினோம். காலை பத்து மணிக்கு மேல். பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இது சும்மா மனத்தேற்றல் இல்லை, கணக்கு இருக்கிறது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நீங்கள் மிதிக்கிறீர்கள், எதிரே 30 கி.மீ. வேகக் காற்று என்றால், உங்கள் மேல் படுவது 45 கி.மீ. காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கப்படி கூடும். காற்றில்லாத நாளைவிட மூன்று மடங்கு காற்று, ஆகவே ஒன்பது மடங்கு தடை. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, நன்றாகக் குனிந்து ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தடை நூறு மீட்டருக்குச் சுமார் நாலு மீட்டர் ஏறுகிற சரிவில் மிதிப்பதற்குச் சமம். கொடைக்கானல் சாலையின் சராசரி ஏற்றமும் ஏறக்குறைய அதுவே. வீட்டில் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எங்களுக்கு ஏற்பட்ட தைரியம் கொஞ்ச நஞ்சமில்லை.

அப்படியென்றால் காற்றில் பழகினாலே மலை ஏறிவிடலாமா?

அங்கேதான் ஏமாந்தோம். கால் பழகும், அது உண்மை. மற்றதெல்லாம் வேறு.

காற்றில் ஒருவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் ஒளிந்துகொள்ளலாம். ஐஸ் கம்பெனி அண்ணன் எங்கள் நாலு பேரில் பருமனானவர், அலமாரி மாதிரி. சாயல்குடி சாலையில் அவர் முன்னால் போக, நாங்கள் அவர் நிழலில் வாத்துக்குஞ்சுகள் மாதிரி வரிசையாகப் போவோம். மலையில் வேகமே எட்டு, ஒன்பதுதான். அந்த வேகத்தில் காற்றுத் தடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, பின்னால் ஒளிந்து ஒரு பயனும் இல்லை. எடைதான் பேசும். காற்றில் பத்து கிலோ கூடுதலாக இருப்பவருக்குப் பெரிய நஷ்டமில்லை. மலையில் அந்தப் பத்து கிலோவையும் 1,800 மீட்டர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எல்லாக் காற்றிலும் எங்களை இழுத்துப் போன அண்ணன் மலையில் கடைசியாக வந்தார். அவர் முதுகிலேயே வளர்ந்த தம்பி, எலும்பும் தோலுமாக இருப்பவன், பெருமாள்மலையில் எங்களுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்து போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இன்னொன்று, காற்று மூச்சு விடும். ஒரு பனந்தோப்பு வந்தால், ஒரு ஊர் வந்தால், அரை நிமிடம் ஓயும். மலை ஓயாது. மிதிப்பதை நிறுத்தினால் நாலு அடியில் சைக்கிள் நின்றுவிடும்.

உட்காரும் விதமும் நேர்மாறு. காற்றில் குனிந்து ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொள்வோம். ஏற்றத்தில் அப்படிக் குனிந்தால் வயிறு மடிந்து மூச்சு முட்டும். நெஞ்சைத் திறந்து, கையைத் தளர்த்தி, நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு வருஷம் குனிந்தே பழகிய எனக்கு இது புரிய டம் டம் பாறை வரை ஆனது.

எந்த வழி? எவ்வளவு தூரம்?

வத்தலக்குண்டிலிருந்து காட்ரோடு வரை ஏறக்குறையச் சமதளம். சோதனைச்சாவடியும் அங்கேதான். ஏற்றம் அங்கிருந்து ஆரம்பம். டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, செண்பகனூர், அப்புறம் ஊர். சுமார் 50 கி.மீ. தூரத்தில் சுமார் 1,800 மீட்டர் ஏற்றம். ஊர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில். பஸ், லாரி எல்லாம் போகும் பழைய மலைச்சாலை என்பதால் பெரும்பாலும் சீரான ஏற்றம்தான். செங்குத்து என்று பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது அதன் நீளத்துக்கு.

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாக ஒரு சாலை பெருமாள்மலைக்கு வருகிறது. தூரம் குறைவு என்று வரைபடம் ஆசை காட்டும். குறுகல், செங்குத்து, மழையில் மண் சரியும். முதல் தடவைக்கு வேண்டாம்.

முதல் மலையே கொடைக்கானல்தானா?

வேண்டியதில்லை. திண்டுக்கல் பக்கம் சிறுமலை இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவுகள், கொடைக்கானல் ஏற்றத்தில் பாதித் தூரம்கூட இல்லை, அரை நாளில் ஏறி இறங்கிவிடலாம். மலைவாழைப்பழம் அங்கேயே கிடைக்கும். நாங்கள் ஏன் அங்கே போகவில்லை? "சிறுமலை ஏறினேன் என்று ஊரில் சொன்னால் எவனுக்குத் தெரியும்?" என்று மச்சான் கேட்டார். அதற்கு நாங்களும் தலையாட்டினோம்.

சாதாரண சைக்கிளில் முடியுமா?

கியர் இல்லாத சைக்கிளில் ஏறியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். நீங்களும் நானும் அவர்கள் இல்லை.

காரணம் இதுதான். நம் பழைய கறுப்பு சைக்கிளில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். மலையில் எட்டு கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 25 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் பெடல் மேல் ஏறி நின்று, உடம்பு முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். முட்டி கழன்றுவிடும். முன்னால் எத்தனை பல்லோ பின்னாலும் அத்தனை பல் உள்ள கியரில் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம். அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 60 சுற்றுக்கு மேல் வரும். வேலை ஒன்றுதான், ஆனால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிச் சாப்பிடுகிற மாதிரி. ஆக, சைக்கிள் வாங்கும்போது எத்தனை கியர் என்று எண்ணாதீர்கள். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். 32, 34 இருந்தால் நல்லது. என் சைக்கிளை விற்ற கடைக்காரர் "இருபத்தோரு கியர் சார்" என்று இருபத்தோரு தடவை சொன்னார், பின்னால் 28 பல்தான் என்பதை ஒரு தடவையும் சொல்லவில்லை.

சீட் உயரத்தையும் கவனியுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும், முட்டி லேசாக மடங்கியிருந்தால் போதும். நம் ஊரில் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டை இறக்கி வைத்து ஓட்டுவோம். கடைத்தெருவுக்கு அது சரி, மலைக்கு முட்டிவலி.

சைக்கிளை எப்படிக் கொண்டு போனீர்கள்?

தெரிந்தவருடைய குட்டியானையில். மற்ற நாளில் மீன்பெட்டி ஏற்றுகிற வண்டி. கழுவித்தான் கொடுத்தார், இருந்தாலும் வாசனை போகுமா? மதுரை வழியாக இரவில் போய் வத்தலக்குண்டில் இறங்கியபோது சைக்கிள், பை, சட்டை, நாங்கள் எல்லாம் ஒரே கருவாட்டு வாசம். காட்ரோட்டில் சைக்கிளை இறக்கி வைத்த ஐந்தாவது நிமிடம் மூன்று நாய்கள் வந்து என் பின்சக்கரத்தை முகர்ந்துகொண்டு நின்றன. முதல் ஒரு கிலோமீட்டர் எங்கள் நாலு பேர் கூட அவையும் வந்தன. அந்த ஒரு கிலோமீட்டர்தான் அன்று நாங்கள் வேகமாக மிதித்தது.

இ-பாஸ் வேண்டுமா?

2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானல் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. கூட வருகிற குட்டியானைக்கு முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சைக்கிளை எங்களிடம் யாரும் கேட்கவில்லை, சோதனைச்சாவடியில் இருந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு "போங்க போங்க" என்றார். அப்புறம், ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை. திரும்பத் திரும்ப நிரப்புகிற பாட்டிலாக இரண்டு சைக்கிளிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

வெளிச்சம் வந்தவுடனே. இருட்டில் வேண்டாம், காட்டுமாடு சாலைக்கு வரும். நாங்கள் காலை ஆறுக்குக் காட்ரோட்டில் மிதிக்க ஆரம்பித்தோம். எட்டரை மணி வரை சாலை எங்களுடையது. அதன் பிறகு சனிக்கிழமைக் கூட்டம் ஏற ஆரம்பித்துவிட்டது, வேன், பஸ், கார். வளைவில் பஸ் திரும்பும்போது சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஹார்ன் கேட்டால் வீம்பு பார்க்காமல் ஓரமாக நின்றுவிடுங்கள். கார் ஜன்னலிலிருந்து பிள்ளைகள் கை காட்டும், "அண்ணே, விடாதீங்கண்ணே!" என்று கத்தும். முதலில் தெம்பாக இருந்தது. முப்பதாவது கிலோமீட்டரில் எரிச்சலாக இருந்தது.

என்ன சாப்பிடுவது?

நிறைய. நீங்கள் நினைப்பதைவிட நிறைய. 85 கிலோவை 1,800 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் உடம்பு செலவழிப்பது சுமார் 1,500 கலோரி. இட்லிக் கணக்கில் 25, 30 இட்லி. அதை ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டு மிதிக்க முடியாது என்பதால், முக்கால் மணிக்கு ஒரு தடவை, பசிக்கிறதோ இல்லையோ, வாயில் ஏதாவது போட வேண்டும். இரண்டு வாழைப்பழம், இல்லை ஒரு கடலை மிட்டாய், இல்லை ஒரு துண்டுக் கருப்பட்டி. கருப்பட்டி நம் ஊர்ச் சரக்கு, வெயிலில் உருகாது, பையில் நசுங்காது. கடைகளில் விற்கிற வெளிநாட்டு ஜெல்லைவிட எனக்கு அது ஒத்துக்கொண்டது. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சை.

எச்சரிக்கை: டம் டம் பாறையில் வாழைப்பழத்தை வெளியே எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். எலிவால் அருவி தெரிகிறதே என்று ஒரு பக்கம் திரும்பினேன். ஒரு குரங்கு என் சைக்கிள் ஹேண்டில்பாரில் வந்து உட்கார்ந்து, தொங்கவிட்டிருந்த துணிப்பைக்குள் கையை விட்டு, சீப்பை மொத்தமாக எடுத்தது. ஓடவில்லை. என் கண்ணெதிரே, நான் உரிப்பதைவிட நேர்த்தியாக, ஒரு பழத்தை உரித்து, நாரைக்கூட எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டது. கருப்பட்டியும் அதே பையில்தான் இருந்தது. பையோடு போய்விட்டது.

நீங்கள் இறங்கித் தள்ளினீர்களாமே?

ஆமாம். அந்தக் குரங்கிலிருந்துதான் கதை ஆரம்பம்.

மற்றவர்களிடம் கேட்டிருந்தால் ஆளுக்கொரு பழம் கொடுத்திருப்பார்கள். மச்சான் முன்னால் போய்விட்டார், அண்ணன் பின்னால், எனக்கு ஏனோ கேட்க வாய் வரவில்லை. ஊத்தில் டீக்கடையில் நிற்கலாம் என்று நினைத்தேன். ஊத்து வந்தபோது கால் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது, நிறுத்தினால் தாளம் போய்விடும் என்று நிற்காமல் போய்விட்டேன். பசிக்கவும் இல்லை. பசி செத்துப்போனதைப் பசியில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் விளக்குத் திரியை யாரோ மெல்ல இறக்குகிற மாதிரி ஆனது. முதலில் கிலோமீட்டர் கல்லைப் படித்தேன், எண் மனதில் நிற்கவில்லை. அடுத்த கல் வரும்போது முந்தைய எண் என்ன என்று மறந்துவிட்டது. கை குளிர்ந்தது, நெற்றியில் மட்டும் வேர்வை. முன்சக்கரம் தானாக இடமும் வலமும் ஆடியது. எதிரே ஒரு பால் வேன் வந்தது நினைவிருக்கிறது, அதற்கு வழி விட இறங்கினேன், இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. ஏற வேண்டும் என்று தோன்றவே இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வலி என்று எதுவும் கிடையாது. உள்ளே சரக்கு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். தசையிலும் ஈரலிலும் உடம்பு சேமித்து வைக்கிற சர்க்கரை அரை கிலோ அளவுக்குத்தான் இருக்கும். அது காலியானால் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. மூளைக்கும் சர்க்கரைதான் தீனி என்பதால் முதலில் மங்குவது புத்தி.

பெருமாள்மலைக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகைக் கடை. பாட்டி ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தவுடனே ஒன்றும் கேட்காமல் டீயில் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டு ஆற்றி, இரண்டு பன்னும் எடுத்து வைத்தார். அப்புறம்தான் பேச்சு.

"எந்த ஊருப்பா?"

"ராமநாதபுரம், பாட்டி."

"தண்ணியில்லாக் காடா? அங்கேயிருந்தா மிதிச்சு வர்றே?"

"இல்ல பாட்டி, காட்ரோட்ல இருந்து."

"அட, இதுக்கா இப்படி ஆயிட்டே!"

இருபது நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது. கிலோமீட்டர் கல்லில் எழுத்துத் தெரிந்தது. சைக்கிளில் ஏறினேன்.

தள்ளுவது அவமானம் இல்லையா?

எங்கள் ஊரில் எதிர்காற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வராத ஆள் யார்? பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தள்ளுகிறோம். மலையில் மட்டும் அதற்குப் பெயர் தோல்வியா? மச்சான் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிக் காட்டுகிறார். சொல்லிக்கொண்டு போகட்டும்.

எந்த வேகத்தில் ஏறுவது?

கூட வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிற வேகத்தில். "டீ குடிப்போமா?" என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை என்றால் வேகம் அதிகம். முதல் பத்து கிலோமீட்டர் ரொம்ப மெதுவாகப் போகிறோமே என்று வெட்கமாக இருக்க வேண்டும். அதுதான் சரியான வேகம். எங்களுக்கு நிற்பது, சாப்பிடுவது, தள்ளுவது எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேரம் ஆனது.

மேலே மூச்சு வாங்குமா?

கொஞ்சம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். மலைநோய் என்கிற தலைவலி, குமட்டல் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான், அதனால் அந்தப் பயம் வேண்டாம். கடைசி பத்து கிலோமீட்டரில் மூச்சு முன்னைவிடச் சீக்கிரம் வாங்குவதை உணர்வீர்கள். நெஞ்சில் இறுக்கமோ, இடது கையில் வலியோ வந்தால் அது உயரத்தால் அல்ல. உடனே நிறுத்தி வண்டியில் ஏறுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் கிளம்புவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அண்ணன் பார்த்தார். சர்க்கரை இருப்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. மருந்து சாப்பிட்டு, ஆறு மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் மலைக்கு வந்தார்.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால்?

இறங்கி, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை முட்டிப் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். உப்புக் குறைவால் என்று எல்லோரும் சொல்வார்கள். பழகாத வேலையில் தசை சோர்ந்துபோவதுதான் பெரும்பாலும் காரணம். அடுத்த அரை மணி ஒரு கியர் குறைத்து மிதியுங்கள்.

இறங்குவது சுகம்தானே?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு ஏறியதைவிட இறங்கியதில்தான் பயம்.

ஞாயிறு காலை இறங்கினோம். காற்றில் பழகினால் பிரேக்கைத் தொடவே வேண்டாம், மிதிப்பதை விட்டால் தானே நிற்கும். கடற்கரையில் வளர்ந்தவனுக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். மேலே தூக்கிக்கொண்டு போன அத்தனை சக்தியும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றில் போகும், மீதி பிரேக்கில் சூடாகும். நான் பயந்துபோய் இரண்டு பிரேக்கையும் விடாமல் அமுக்கிக்கொண்டே வந்தேன். நாலைந்து கிலோமீட்டரில் ரப்பர் கருகுகிற வாடை. நிறுத்தி ரிம்மைத் தொட்டேன், விரல் நுனி சுட்டுக் கொப்பளித்துவிட்டது. ரிம் அந்தச் சூட்டுக்கு வந்தால் உள்ளே டியூப் வெடிக்கலாம். அதற்கப்புறம் தம்பி சொல்லிக் கொடுத்தபடி வந்தேன்: வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறை, வளைவுக்குள் விட்டுவிடு, நேராக வந்ததும் ரிம் ஆறட்டும். முன்னும் பின்னும் சேர்த்துப் பிடி, முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடிக்காதே. புது பிரேக் ஷூ ஒரு ஜோடி கையில் இருக்கட்டும். டிஸ்க் பிரேக் உள்ளவர்களுக்கு ரிம் சுடாது, தட்டு சுடும். அவர்களும் விட்டு விட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

குளிரும் சேர்ந்துகொள்ளும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஏழு டிகிரி என்ற கணக்கில் ஊருக்கும் அடிவாரத்துக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். இறங்கும்போது உடம்பு வேலை செய்யாது, எதிர்காற்று வேறு. விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க வராது. கையுறை, உள்ளே போட உலர்ந்த பனியன், மேலே காற்றுப் புகாத சட்டை. மச்சான் வாங்கி வைத்திருந்த செய்தித்தாளைச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்தார். வேலை செய்தது.

பெண்கள், பிள்ளைகள் போகலாமா?

போகலாம். நாங்கள் ஏறியபோது மதுரைப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள் ஊத்துக்குக் கீழே எங்களைத் தாண்டிப் போனார்கள், சிரித்துப் பேசிக்கொண்டே. பிள்ளைகளுக்குச் சிறுமலை போதும், அதுவும் பின்னால் வண்டி வந்தால் மட்டும்.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி. குளிர் இருக்கும், மழை இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறையும் மண்ணும் சரியும், போகாதீர்கள். சித்திரை, வைகாசியில் சீசன் கூட்டம், அறை வாடகையும் ஏறிவிடும்.

நம் ஊர் உப்புக்காற்றில் நல்ல சைக்கிள் தாங்குமா?

விட்டால் தாங்காது. தனுஷ்கோடிக்கு ஒரு தடவை போய் வந்தாலே செயினில் மறுநாள் செம்மண் நிறம் பூத்துவிடும். வந்தவுடனே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், மணலை ஒட்டவைத்துப் பல்லைத் தின்றுவிடும். கேபிள் உள்ளே துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது, மலைக்கு முன் புதிதாக மாற்றிவிடுங்கள். பஞ்சருக்குச் சீமைக்கருவேல முள் ஒன்றே போதும். சாலையோர மண்ணில் டயரை இறக்காதீர்கள். மலைக்குப் போகிறதற்கு முந்தின நாள் டயரைச் சுற்றி விரலால் தடவி, உள்ளே ஒடிந்து நிற்கிற முள்ளைப் பிடுங்குங்கள். என் டயரில் மூன்று இருந்தன. நாலாவது, நான் கவனிக்காதது, செண்பகனூரில் வேலையைக் காட்டியது.

அங்கிருந்து என்ன வாங்கி வந்தீர்கள்?

மலைப்பூண்டு. போகும்போது தங்கிய வீட்டாருக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டுபோயிருந்தோம்.

அடுத்தது எப்போது? நாங்களும் வரலாமா?

மலைக்குத் தையில். பழகுவதற்கு ஆனி பிறந்ததும் கச்சானில் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கீழக்கரையில் நிற்போம், சாயல்குடி வரை போய்த் திரும்புவோம். போகும்போது அண்ணன் முதுகுக்குப் பின்னால் இடம் உண்டு, முந்துகிறவர்களுக்கு. அவரவர் வாழைப்பழம் அவரவர் கொண்டு வரவும். அந்தச் சாலையில் குரங்குத் தொல்லை இல்லை.